அட்டைக்குப் பின்னால் விழுந்த இருபது

இருபது முகப் பகடை உருண்டு போய் என் டீத் தம்ளரில் இடித்து நின்றது. இருபது.

மும்பை செம்பூரில் மீரான் வீட்டு ஹால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னலுக்கு வெளியே மழை வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் நான், எனக்கு முன்னால் மூன்றாக மடித்து நிறுத்திய ஓர் அட்டை. அந்தப் பக்கம் மீரான், ஸ்டீபன், கீர்த்தனா. பகடையில் என்ன விழுந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அட்டை இருப்பதே அதற்காகத்தான்.

எங்கள் விளையாட்டில் எதிரி அடிக்கும்போது பகடையை உருட்ட வேண்டியவள் நான். பெரிய எண் விழுந்தால் அடி பட்டது என்று அர்த்தம். இருபது விழுந்துவிட்டால் பேச்சே இல்லை, ஆள் காலி. அன்றைக்கு உப்பளக் கோட்டையின் காவல்காரன் எறிந்த ஈட்டி, மீரானுடைய ஆளான துரைப்பாண்டியின் நெஞ்சில் இறங்கியிருக்க வேண்டும்.

“தப்பிடுத்து,” என்றேன். “ஈட்டி காதோரமாப் போய்ச் சுவத்துல குத்திண்டு நிக்கறது.”

ஸ்டீபன் சந்தோஷத்தில் மேசையைத் தட்டினான். பாதி ஹிந்தியிலேயே பேசுகிற கீர்த்தனா, பிழைத்தான் என்ற அர்த்தத்தில், “பச் கயா யார்” என்றாள். நான் பகடையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மீரான் மட்டும் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சூதாட்டம் இல்லை

போன வாரம் இந்தத் தொடரில் மாட்டுங்கா பூக்கடைகளைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் ‘ஞாயிற்றுக்கிழமை பகடை’ என்று எழுதிவிட்டேன். சயானிலிருந்து ஒரு வாசகர் கோபித்துக்கொண்டிருக்கிறார். இந்த வயதில், இவ்வளவு நல்ல குடும்பத்தில் பிறந்துவிட்டு, சூதாடுகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். என் அம்மாவும் இதையேதான் கேட்டாள். “பகடையை ஆத்துக்குள்ளே கொண்டு வராதே, குடி முழுகிடும்,” என்று ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

சூதாட்டம் இல்லை ஐயா. இதில் ஜெயிப்பவரும் கிடையாது, தோற்பவரும் கிடையாது. நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கதையை வாயால் நடத்துகிறோம். ஒருவர் கதை மாஸ்டர். ஊர், தெரு, மழை, ராஜா, திருடன் எல்லாம் அவர் சொல்வதுதான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் வைத்துக்கொண்டு அந்த ஊருக்குள் நடப்பார்கள். “நான் கதவை உடைக்கிறேன்” என்று ஒருவர் சொன்னால், உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். உடைந்த கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதை மாஸ்டர் சொல்ல வேண்டும்.

எங்கள் மேசைக்கு மாஸ்டர் நான். “டீ மாஸ்டர் உண்டு, தையல் மாஸ்டர் உண்டு, இது என்னடி புதுசா,” என்பாள் அம்மா.

சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்த அண்ணா பையன் ஒரு பை நிறையப் பகடைகளை மறந்து வைத்துவிட்டுப் போனான். அந்தப் பை எப்படியோ என் ஆபீஸ் மேசைக்கு வந்து சேர்ந்தது. அப்போது நான் சயானில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் ஷிப்பிங் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். தோல் பை சப்ளை செய்ய வருகிற மீரான் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டான்.

“என்ன மாமி, பகடைக்கு இத்தனை மொகமா இருக்கு,” என்று ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டினான். அப்போது எனக்கு மாமி என்று கூப்பிடுகிற வயது இல்லை. என் அதட்டலுக்கு அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது, பிறகு போகவில்லை.

எங்கள் முதல் மேசை தாராவியில் அவன் பட்டறையின் கட்டிங் மேசைதான். தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்து. ஞாயிறு மத்தியானம் மெஷின்கள் நின்றிருக்கும், தோல் ஒட்டுகிற சொல்யூஷன் வாடை மட்டும் நிற்காது. அதைக் குடித்துத்தான் எங்கள் உப்பள ராஜ்யம் வளர்ந்தது. கோட்டைக்குப் பின்னால் மலையில் தூங்காத ஒரு பூதம் நெருப்புக் கக்கிக்கொண்டிருக்கும். டிராம்பே பக்கத்து எண்ணெய் ஆலைப் புகைபோக்கியில் ராப்பகலாக எரிகிறதே, அதைப் பார்த்து எழுதியது.

சாப்பிட்டியா

கதையை எப்படித் தயார் செய்வீர்கள் என்று கீர்த்தனாவின் சிநேகிதி ஒருத்தி ஒருமுறை கேட்டாள். சனிக்கிழமை சாயந்திரம் உட்காருவேன். ஏதோ ஒன்று வேண்டும் என்று தவிக்கிற ஓர் ஆள், வாடை மூக்கில் ஏறுகிற மாதிரி ஓர் இடம், சொதப்பிப் போகிற ஒரு காரியம். இது மூன்றும் கைவசம் இருந்தால் போதும். ஆட்களின் பெயருக்குப் பஸ்ஸில் வரும்போது கண்ணில் படுகிற கடை போர்டுகள் இருக்கவே இருக்கின்றன.

இந்த அறிவு எனக்கு மீரானால் வந்தது. முதல் வருஷம் நான் ஓர் அரண்மனை கட்டினேன். வாரக்கணக்கில் உட்கார்ந்து, ஒவ்வோர் அறையிலும் என்ன இருக்கிறது, யார் ஒளிந்திருக்கிறார்கள், எந்தப் படி வழுக்கும் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டு எழுதினேன். மூன்று பேரும் அரண்மனை வாசலுக்கு வந்தார்கள். வாசலில் ஒரு காவல்காரன் நிற்கிறான் என்றேன். உள்ளே விடாமல் கொஞ்சம் முறைப்பான், பிறகு விட்டுவிடுவான், அவ்வளவுதான் அவன் வேலை.

மீரான் அவனைப் பார்த்து, “சாப்பிட்டியாடே?” என்று கேட்டான்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இல்லை என்றேன். போச்சு. அன்று மத்தியானம் முழுக்கத் துரைப்பாண்டி அந்தக் காவல்காரனுக்குச் சோறு தேடி ஊரெல்லாம் அலைந்தான். ஸ்டீபனும் கீர்த்தனாவும் கூடவே போனார்கள். என் அரண்மனையை இன்றுவரை யாரும் திறந்து பார்க்கவில்லை.

அன்றைக்கு நான் எனக்கே ஒரு விதி போட்டுக்கொண்டேன். மேசையில் யார் எதைக் கேட்டாலும் ‘தெரியாது’ என்று சொல்லக் கூடாது. காவல்காரன் சாப்பிட்டானா, அவன் மாமியார் எந்த ஊர், கிணற்றில் தண்ணீர் உப்பா, கேட்ட மாத்திரத்தில் பதில் வர வேண்டும். வாய்க்கு வந்ததைச் சொல்லலாம், சொன்னபின் மாற்றக் கூடாது. கேட்டவன் நம்மை நம்பிக் கேட்கிறான். அதன் பிறகு வருஷக்கணக்காக அந்த மேசையில் நான் ஒருமுறைகூட முழிக்கவில்லை.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் உண்டு. யாருடைய ஆளாவது செத்துப்போனால் அதை நான் வர்ணிக்க மாட்டேன். “எப்படி?” என்று மட்டும் கேட்பேன். ஆளை வைத்திருந்தவரே சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் ஒரு வெற்றுத் தாளை நீட்டுவார். டீ வருவதற்குள் புது ஆள் பிறந்துவிடுவான்.

துரைப்பாண்டி மட்டும் ஆரம்பத்திலிருந்து சாகவே இல்லை. அடிவாங்கியே வளர்ந்த உடம்பு. ஒரு கண், பாதிக் காது, இடது கையில் இரண்டு விரல் எல்லாம் என் பகடைக்குப் போனவை. பள்ளிக்கூடத்தில் தன்னை உதைத்த ஒரு பையனின் பெயரைத்தான் மீரான் அவனுக்கு வைத்திருந்தான். “அவன் எதுக்கும் பயப்பட மாட்டான் மாமி. அதான்,” என்று காரணம் சொன்னான்.

மாடிப்படியில்

போன வருஷம் மீரானுக்கு வயிற்று வலி வந்தது. முதலில் காஸ் என்றார்கள். பிறகு புண் என்றார்கள். பட்டறைக்குப் போவது குறைந்து, நின்றது. இடித்துக் கட்டுகிற திட்டத்துக்காகச் சந்தில் சர்வேக்காரர்கள் வந்து சுவரில் நம்பர் எழுதிய அன்றுகூட அவன் போகவில்லை, மச்சான்தான் போனான். மேசை செம்பூருக்கு, அவன் வீட்டு ஹாலுக்கு வந்தது.

அவன் கையைப் பார்த்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. நகம் சுத்தமாக இருந்தது. நான் அறிந்த நாளிலிருந்து அவன் நகக்கண்ணில் தோல் சாயம் கறுப்பாக ஏறிக் கிடக்கும். எந்தச் சோப்புக்கும் போகாது. இப்போது நகம் வளர்ந்து, வெட்டுப்பட்டு, குழந்தை நகம் மாதிரி வெளுத்திருந்தது.

ஒரு ஞாயிறு, நான் கிளம்பும்போது அவன் மனைவி ஜமீலா குப்பை டப்பாவை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். முதல் மாடித் திருப்பத்தில் டப்பாவைக் கீழே வைத்தாள்.

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவுகளுக்குத் தெரியக் கூடாது.”

சொன்னாள். கணையத்தில் வந்திருக்கிறது, பரவியும் விட்டது, டாக்டர் அவள் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார் என்றாள். அழவில்லை. ரேஷன் கடையில் கோதுமை வரவில்லை என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

“ரிப்போர்ட் எல்லாம் எங்க அண்ணன் வீட்டுல இருக்கு. அவுகள்ட்ட புண்ணுன்னுதான் சொல்லியிருக்கோம். தெரிஞ்சா அன்னைக்கே படுத்துருவாக அக்கா. இப்ப ஏதோ எந்திரிச்சு உக்காருதாக, ஞாயித்துக்கெழம வந்தா மொகம் தெளிவா இருக்கு. நீங்க எப்பவும் போல இருங்க. ஒண்ணும் காட்டிக்கிடாதீங்க.”

“எப்பவும் போல இருக்கேன்,” என்றேன். அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நான் அந்தத் திருப்பத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரோ ஒருவர் ஏறி வந்து, “பீ.பீ. ஹை கியா?” என்று, எனக்கு ரத்த அழுத்தமா என விசாரித்துவிட்டுப் போனார்.

எப்பவும் போல

எப்பவும் போல இருப்பது என்றால் அவன் ஆளை நான் அடிக்க வேண்டும். என்னால் முடியவில்லை.

மழைக்கு முந்தைய வாரங்கள் அவை. ஒவ்வொரு சனிக்கிழமையும் உட்காருவேன். துரைப்பாண்டி போகிற பாதையில் நான் வைக்கிற பள்ளத்தின் ஆழம் குறைந்துகொண்டே வந்தது. நாய்கள் கட்டியிருந்தன. திருடர்கள் போதையில் இருந்தார்கள். ஆற்றில் இடுப்பளவுதான் தண்ணீர். எதிரியின் பகடையில் பதினெட்டு விழுந்தால் எட்டு என்று சொன்னேன். மாஸ்டர்கள் எல்லோரும் எப்போதாவது இப்படிச் செய்வதுதான், ஆட்டம் சப்பென்று போகாமலிருக்க ஓர் எண்ணை இங்கே அங்கே தள்ளுவோம். நான் தள்ளியது அவன் ஒருவனுக்காக மட்டும், வாராவாரம்.

ஸ்டீபன் விக்ரோலியிலிருந்து வருகிறவன், கோடவுன் சூப்பர்வைசர், எதையும் கவனிக்க மாட்டான். கீர்த்தனா ஒருமுறை, “மாஸ்டர், ஆஜ்கல் ரொம்ப ஈஸியா வெக்கறீங்க, போர் அடிக்குது,” என்றாள். நான் எரிந்து விழுந்தேன். பாவம், அவளுக்கும் எதுவும் தெரியாது.

மீரான் சிரித்துக்கொண்டு ஆடினான். மெலிந்து வரும் கையால் தன் பகடையை உருட்டினான். ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் சமையலறையிலிருந்து ஜமீலா எட்டிப் பார்ப்பாள். அவள் முகத்தைப் பார்த்தால், ஈட்டி நிஜமாகவே அவன் காதோரமாகப் போய்விட்டதாக நினைத்துக்கொள்ளலாம் போலிருக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். மேசையில் அவன் சாகாத வரைக்கும் சாக மாட்டான் என்று எனக்குள் ஏதோ ஒன்று பிடிவாதமாக நம்பியது.

பகடையை எடுத்துட்டீங்க

அந்த இருபது விழுந்த ஞாயிறு, மற்ற இருவரும் கிளம்பிவிட்டார்கள். ஜமீலா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். நான் அட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். அது என் சித்தி பெண் கல்யாணப் புடவைப் பெட்டியின் மூடி, ஓரமெல்லாம் நைந்து போனது.

“மாமி, ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும்.”

“கேளேன்.”

“ஈட்டிக்கு என்ன விழுந்துச்சு?”

“நாலோ அஞ்சோ. ஞாபகம் இல்லை.”

“நீங்க பகடையை எடுத்துட்டீங்க,” என்றான். “எப்பவும் விழுந்த எடத்துலயே கெடக்கும். அடுத்த தடவ உருட்டத்தான் எடுப்பீங்க. கொஞ்ச நாளா, என் ஆளுக்கு உருட்டினா மட்டும் ஒடனே எடுத்துருதீங்க.”

மேசைத் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே அவன் பேசினான்.

“துரைப்பாண்டிக்கு ரம்ஜானுக்கு அப்பறம் ஒரு கீறல் விழல. நாய் கட்டிக் கெடக்கு. ஆத்துல தண்ணி இல்ல. நீங்க யாரு, என் ஆளு கண்ணப் புடுங்கிட்டு டீ குடிச்சவுக. நான் பேசாமப் பாத்துக்கிட்டே வாரேன். டாக்டர் சொல்லல. மச்சான் சொல்லல. ஜமீலா சொல்லல. நீங்க சொல்லிட்டீங்க மாமி.”

“நான் ஒண்ணும் சொல்லலையே மீரான்.”

“எவ்வளவு மோசம்னு மட்டும்தான் எனக்குத் தெரியாம இருந்துச்சு. இன்னைக்கு அந்த ஈட்டியைத் தள்ளிவிட்டீங்கள்ல, அதுல தெரிஞ்சு போச்சு.”

நான் அழுதேன். அவன் என்னைத் தேற்றவில்லை, அதற்கான தெம்பு அவனிடம் இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நான் முடிப்பதற்காகக் காத்திருந்தான்.

“ஜமீலாட்ட சொல்லீராதீங்க,” என்றான் பிறகு. “எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டுதான் அவ நின்னுக்கிட்டிருக்கா. அவ மொகத்தப் பாத்து நானும் சிரிக்கேன். பொழுதன்னைக்கும் ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு கெடக்கோம். தாங்க முடியல மாமி. வாய் தொறந்து சொல்லவும் வர மாட்டேங்கு.”

கீழே லிப்ட் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, ஜமீலாவாகத்தான் இருக்கும். அவசரமாகச் சொன்னான்.

“அடுத்த வாரம் அட்டை வேண்டாம். நடுவுல உருட்டுங்க. என்ன விழுதோ விழட்டும்.”

சனிக்கிழமை

அந்தச் சனிக்கிழமை நான் தயாரித்ததை வெளியே சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு சந்தை. சண்டை இல்லை, பள்ளம் இல்லை, ஆயுதம் வைத்திருக்கிற ஆள் ஒருவன்கூட இல்லை. கருவாடு விற்கிறவர்கள், வளையல் விற்கிறவர்கள், பஞ்சாயத்துப் பண்ணி வைக்க ஒரு சின்னத் தகராறு. மாஸ்டர் அடிக்க ஆளே இல்லையென்றால் பகடையை உருட்ட வேண்டிய அவசியமே வராது. அவன் கேட்டபடி அட்டையை எடுத்துவிடலாம்.

அம்மா காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “இதுக்கு என்ன இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருக்கே, விளையாட்டுதானே,” என்றாள். ஆமாம் என்றேன்.

பாலம்

அட்டை இல்லாமல் அந்த மேசை அம்மணமாக இருந்தது. “மாஸ்டர், ஸ்க்ரீன் கிதர்?” என்று அட்டையைத் தேடினாள் கீர்த்தனா. மறந்துவிட்டேன் என்றேன். மழை பிடித்துக்கொண்டிருந்ததால் ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். சமையலறையில் ஜமீலா இஞ்சி தட்டுகிற சத்தம் கேட்டது.

என் சந்தையை விரித்தேன். ஸ்டீபன் கருவாட்டுக்குப் பேரம் பேசினான். கீர்த்தனா வளையல்காரியின் தகராற்றில் நுழைந்தாள். மீரான் நாற்காலியில் தலையணையை முதுகுக்குக் கொடுத்துக்கொண்டு கேட்டான்.

“சந்தைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

“ஆறு.”

“ஆத்துக்கு?”

விதி விதிதான். “பாலம்,” என்றேன்.

“பாலத்துல யாரு நிக்கா?”

யாரும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். என்னால் முடியும், வாய்க்கு வந்ததைச் சொல்கிற உரிமை எனக்கு உண்டு. அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். காவல்காரனுக்குப் பசிக்கிறதா என்று கேட்டவனின் அதே பார்வை. போன வாரம் ஈட்டி எறிந்தவனே நிற்கிறான் என்றேன்.

“துரைப்பாண்டி தனியாப் போறான்,” என்றான் மீரான்.

ஸ்டீபன் தடுத்தான். கீர்த்தனா, “அரே, மத் ஜாவ், போகாதீங்க, நாங்களும் வரோம்,” என்றாள். மீரான் கேட்கவில்லை. காவல்காரன் ஈட்டியை ஓங்கினான். நான் பகடையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

“உருட்டுங்க மாமி.”

உருட்டினேன். மேசை நடுவில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால். பதினேழு. அவ்வளவு கிட்டத்திலிருந்து எறிந்த ஈட்டிக்கு ஆளை முடிக்க அது போதும். என் கை தன்னால் அதை எடுக்கப் போயிற்று. மீரான் தன் விரலைப் பகடையின் மேல் வைத்து, அது அங்கேயே கிடக்கும்படி அழுத்திக்கொண்டான்.

நான் கேட்க வேண்டும். எங்கள் வழக்கம் அது. கேட்டேன்.

“எப்படி?”

ஜமீலா டீத் தட்டோடு சமையலறை வாசலில் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“துரைப்பாண்டி ஈட்டியப் புடுங்கல,” என்று ஆரம்பித்தான். “புடுங்கினா கொட்டிரும்னு அவனுக்குத் தெரியும். பாலத்துச் சுவரப் புடிச்சுக்கிட்டு உக்காருதான். ரொம்ப வலிக்கி. ஆனா திடீர்னு வந்தது இல்ல. பாலத்துல கால் வெக்கயிலயே தெரியும். அதுக்கு முன்னாலயே, சந்தைக்கு வரயிலயே தெரியும். கூட வந்தவுக, இவனுக்குத் தெரியாதுன்னு நெனச்சு, வழியெல்லாம் சிரிச்சுப் பேசிக்கிட்டே வந்தாக. பாவம், எவ்வளவு கஷ்டம் அவுகளுக்கு. அதப் பாத்து இவனும் சிரிச்சுக்கிட்டே வந்தான்.”

மூச்சு வாங்கியது. ஸ்டீபன் எழுந்து தண்ணீர் கொடுக்கப் போனான், மீரான் வேண்டாமென்று கையைக் காட்டினான்.

“இப்ப அவனுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னு இருக்கு. இனிமே சிரிக்க வேண்டாம். எனக்குத் தெரியும். வந்து பக்கத்துல உக்காருங்க, போதும். அவ்வளவுதான். செத்துப் போறான்.”

டீத் தட்டு கீழே விழவில்லை. ஜமீலா அதைப் பத்திரமாக மேசையில் வைத்தாள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கப் நகர்த்தினாள். பழக்க தோஷத்தில் ஸ்டீபன் ஒரு வெற்றுத் தாளை எடுத்து மீரான் பக்கம் நீட்டப்போனவன், பாதியில் நிறுத்தி, மறுபடியும் பைலுக்குள் வைத்தான். அவனுக்கும் அப்போது விளங்கிவிட்டது.

ஜமீலா ஒரு நாற்காலியை இழுத்து மீரானுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் எங்கள் மேசையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் முகமும் அவ்வளவு களைத்துப் போயிருந்தது.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, அந்தத் துரைப்பாண்டிக்கு வீடு இருந்துச்சா?”

இருந்தது என்றேன். வாய் தானாகச் சொன்னது.

“பொண்டாட்டி?”

இருந்தாள் என்றேன்.

“அவ இனி என்ன செய்வா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மீரானும் பார்த்தான். மாமி எதையாவது சொல்லுவாள் என்று அவனும் எதிர்பார்த்துக் காத்திருந்தான். என் முன்னால் கருவாட்டுக்காரர்களும் வளையல்காரிகளும் எழுதிக் கிடந்தார்கள். அந்த மேசையில் சொல்லவே கூடாது என்று வைத்திருந்த வார்த்தையை நான் சொன்னேன்.

“தெரியலை ஜமீலா.”

அவள் தலையை ஆட்டினாள். “யோசிச்சுச் சொல்லுங்க,” என்றாள். பிறகு டீ ஆறுகிறது, குடியுங்கள் என்றாள்.

மழைக்காலம் முடிவதற்குள் மீரான் போய்விட்டான். ஸ்டீபனும் கீர்த்தனாவும் இப்போது வருவதில்லை, நானும் கூப்பிடவில்லை. உப்பள ராஜ்யம் அந்தப் பாலத்தோடு நிற்கிறது. ஜமீலா சில ஞாயிறுகளில் போன் பண்ணுவாள். மகள் படிப்பு, அண்ணனோடு மனஸ்தாபம், சந்தில் வந்த நோட்டீஸ் என்று பேசிவிட்டு, வைப்பதற்கு முன்னால் கேட்பாள். “ஏதாவது கெடச்சுதா அக்கா?”

கிடைக்கவில்லை. சனிக்கிழமை சாயந்திரம் இப்போதும் உட்காருகிறேன். துரைப்பாண்டியின் பெண்டாட்டிக்கு ஒரு பெயர் வைத்துவிட்டேன், பஸ்ஸில் வரும்போது ஒரு போர்டில் பார்த்தது. அவள் காலையில் எழுந்திருக்கிறாள், கதவைத் திறக்கிறாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.